டப்பாவில் சிரித்த ஓரகத்தி

சாம்பார்ப்பொடி டப்பாவின் மேல் சுந்தரவல்லி சிரித்தாள்.

ஒரே ஒரு டப்பாவில் சிரித்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடி அலமாரியின் முதல் தட்டில் நாற்பது டப்பாக்கள் இருந்தன. நாற்பதிலிருந்தும் நாற்பது சுந்தரவல்லிகள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒவ்வொருத்தி மூக்கிலும் மூக்குத்தி. ஒவ்வொருத்தி நெற்றியிலும் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு. தோளோரத்தில் பளபளவென்று இரண்டு மிளகாய்ப் பழங்கள். அடியில் வளைந்த எழுத்தில் ‘வல்லி மார்க் சாம்பார்ப்பொடி’. கடைக்கு வந்த யாரும் அந்தத் தட்டைப் பார்க்காமல் போக முடியாது. தங்கபுஷ்பத்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் உட்காரும் முக்காலி அதற்கு நேர் எதிரே கிடந்தது.

தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த மளிகைக் கடை. கடைக்காரர் வெள்ளைத்துரை. அவர் மனைவிதான் தங்கபுஷ்பம். டப்பாவில் சிரித்த சுந்தரவல்லி, வெள்ளைத்துரையின் தம்பி சிதம்பரநாதனின் மனைவி. தங்கபுஷ்பத்துக்கு ஓரகத்தி முறை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் அண்ணன் கடைக்கு வந்து சேர்ந்தவன் சிதம்பரநாதன். அவனுக்குச் சோறு போட்டவள் தங்கபுஷ்பம். அவன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அவனுக்குப் பெண் பார்த்து, வல்லியைக் கைப்பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்தவளும் அவளே. வல்லி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். வந்த புதிதில் மிளகாயை எத்தனை நாள் வெயிலில் காயவைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தனியாவை எந்த வாசனை வந்ததும் இறக்க வேண்டும், வெந்தயத்தை ஏன் கடைசியில் வறுக்க வேண்டும், துவரம்பருப்பு எத்தனை பிடி, விரலி மஞ்சள் எத்தனை துண்டு என்று எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தாள் தங்கபுஷ்பம். தன் கையாலேயே தன் தலையில் கொள்ளி வைத்துக்கொள்கிறோம் என்று அந்தப் பேதைக்கு அன்று எப்படித் தெரியும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் சகோதரர்கள் பிரிந்தார்கள். சண்டை சச்சரவு இல்லாத பிரிவினை. கடை அண்ணனுக்கு. தம்பி சைதாப்பேட்டையில் தனி வீடு பார்த்துக்கொண்டு சோப்புக் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியானான். இரண்டு வருடம் சுற்றியவன், ஒரு நாள் கையில் அந்த டப்பாவோடு வந்து நின்றான்.

“அண்ணே, இப்பல்லாம் சனம் மூக்கால வாங்கல. கண்ணால வாங்குது. ஒரே சோப்புதான், பழைய தாளைச் சுத்தி வச்சா தூசி படிஞ்சு கிடக்கு. ரோஜாப்பூத் தாளைச் சுத்தி வச்சா அடுத்த வாரம் ஸ்டாக் இல்ல. நான் என் கண்ணால பார்த்தேன். அதான் வல்லிய ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு போட்டோ எடுத்து, ஆர்ட்டிஸ்ட் கிட்டக் குடுத்து...”

“பொண்டாட்டி மூஞ்சிய ஊருக்கே விக்கப் போறியாக்கும்?” என்று சிரித்தார் வெள்ளைத்துரை. ஆனாலும் தம்பி ஆயிற்றே! முதல் தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

காலி செய்த அந்த இடத்தில் அதுவரை இருந்தது தங்கபுஷ்பத்தின் சாம்பார்ப்பொடித் தகரடின். அது பின்பக்கம், புளிக்கூடைக்கு அருகில் போயிற்று.

பன்னிரண்டு வருடமாக அந்த டின்னிலிருந்துதான் மயிலாப்பூர் வரைக்கும் பொடி போனது. கேட்டவர்களுக்கு நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் மடித்து, சரடு சுற்றிக் கொடுப்பாள். பொட்டலம் மடிக்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்து வாங்குகிறவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர்கள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குக் கழுத்துக்கு நகை, கூந்தலுக்குப் பூ எல்லாம்.

இப்போது யாரும் கையை நீட்டவில்லை. விரலைத்தான் நீட்டினார்கள், அலமாரியைப் பார்த்து.

“அந்த டப்பா ஒண்ணு குடுங்க.”

விசாலாக்ஷி மாமி அப்படிக் கேட்ட அன்றுதான் அவள் நெஞ்சில் முதல் கங்கு விழுந்தது. மாமி மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் இருப்பவர். பன்னிரண்டு வருட வாடிக்கை. புடவை வாங்கப் பாண்டி பஜாருக்கு வந்தாலும் பொடி வாங்க இங்கே வராமல் போகமாட்டார்.

“மாமி, டின்னுல புதுசா அரைச்சது இருக்கு. நேத்துதான் மிஷின்லருந்து வந்திச்சு.”

“இருக்கட்டுண்டி தங்கம். ஆத்துக்கு நாலு பேர் வந்துண்டும் போயிண்டும் இருக்கா. சமையல் உள்ளில வரிசையா டின் வச்சிருக்கேன், பவுடர் டின், பிஸ்கட் டின்னுன்னு. நடுவுல உன் பேப்பர் பொட்டலத்தைப் பிரிச்சுக் கொட்டினா ஒரு லட்சணமா இருக்கா சொல்லு? இது பாரு, அப்படியே தூக்கி வச்சுடலாம். என்ன அழகா சிரிக்கறா! உங்காத்துப் பொண்ணாமே?”

“ஆமா மாமி. எங்க வீட்டுப் பொண்ணுதான்.”

அந்த ஐந்து சொற்களை உச்சரிப்பதற்குள் அவள் நாக்கு உலர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்து மாமி மறுபடியும் வந்தார். “தங்கம், தப்பா நெனச்சுக்காதே. வல்லி பொடில வாசனை தூக்கிண்டு போறது. உன்னுதுல அந்த மணம் இல்லையோன்னு இப்பத்தான் தோணறது.”

தங்கபுஷ்பம் அன்று மதியமே ஒரு டப்பாவைக் கிழித்தாள். உள்ளே மெழுகுத்தாள் பை. பொடியை நாக்கில் வைத்தாள். அவளிடம் கற்ற அதே பொடிதான். ஆனால் தனியா கொஞ்சம் தூக்கல், பருப்பு கூடுதல். அவசரமாக வறுத்ததால் வெந்தயம் லேசாகக் கறுத்திருந்தது. டப்பா போகிற வேகத்துக்கு வல்லியால் கை நிதானம் காட்ட முடியவில்லை. இதையா வாசனை என்றார் மாமி? டப்பாவைத் திறக்கும்போது மை வாசனையும் அட்டை வாசனையும்தானே வந்தது!

அடுத்த முறை மாமியிடம் சொல்லிவிட்டாள். “மாமி, அதுல மல்லி சாஸ்தி. வெந்தயம் தீஞ்சிருக்கு. நீங்க நாக்குல வச்சுப் பாருங்களேன்.”

மாமி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல், “பொறாமை ஆகாதுடி தங்கம். சின்னவ நன்னா இருந்தா நமக்கும் சந்தோஷந்தானே?” என்றார்.

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். வெள்ளைத்துரை தராசில் கண்ணை வைத்துக்கொண்டார். தங்கபுஷ்பத்துக்குக் காது மடல்கள் எரிந்தன. பொறாமை! ஆமாம், பொறாமைதான். அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் பொறாமைக்காரி சொல்வது உண்மையாகவும் இருக்கலாமே, அதை ஏன் ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டேன் என்கிறார்கள்?

“அவ மூஞ்சியா விக்குது? டப்பாதான் விக்குது. விடுட்டி” என்றார் வெள்ளைத்துரை சாப்பாட்டு நேரத்தில்.

“அப்ப எனக்கும் ஒரு டப்பா போட்டுத் தாங்க.”

“தம்பியோட போட்டிக்கு நின்னேன்னு ஊர்ல நாலு பேரு சொல்லவா? சோத்தப் போடு.”

மறுநாள், கணவர் கொத்தவால்சாவடிக்குச் சரக்கெடுக்கப் போன சமயம், பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள் தங்கபுஷ்பம். இராயப்பேட்டையை ஒட்டிய மீர்சாகிப்பேட்டையில் ஜைதூன் பீ என்றொரு அம்மாள் இருந்தாள். அச்சகத்திலிருந்து வரும் அட்டைகளை வீட்டில் வைத்து மடித்து ஒட்டி டப்பாவாக்கித் தருவது அவள் தொழில். வல்லியின் டப்பாக்களும் அவள் கையால்தான் ஒட்டப்பட்டன. அதைச் சிதம்பரநாதன் எப்போதோ சொல்லியிருந்தான்.

“வாம்மா, குந்து. பசை காயறதுக்குள்ள ஒட்டணும், கைய வுட முடியாது. நீ பேசு, காது சும்மாதான் கீது” என்றாள் ஜைதூன் பீ. அவளைச் சுற்றிலும் மைதாப் பசை வாசனை. கூடம் முழுக்க டப்பாக்கள்.

“எனக்கு டப்பா வேணும். பொடிக்கு.”

“போடலாமே. இன்னா படம்? போன வருசம் எல்லாம் பச்சை பச்சைன்னு கேட்டாங்க. இந்த வருசம் மஞ்சளும் செவப்பும். பொம்பள மூஞ்சி போட்டா ஒரு மாசத்துல காலி. பூ போட்டா ரெண்டு மாசம். வெறும் எழுத்து போட்டேன்னு வை, கரப்பான் வந்து குடித்தனம் பண்ணும். ஆனா ஐயாயிரம் டப்பாவுக்குக் கொறஞ்சு பிரஸ்காரன் மிஷினு ஓட்டமாட்டான்மா, சொல்லிட்டேன்.”

ஐயாயிரம்! டின்னில் இருக்கும் பொடி இருநூறு டப்பாவுக்குக்கூட வராது. தங்கபுஷ்பம் எழுந்துகொள்ளப் போனாள். அப்போதுதான் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த அட்டைகள் அவள் கண்ணில் பட்டன. வல்லியின் முகம். ஆனால் என்னவோ மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள்.

நெற்றியில் பொட்டு இல்லை.

“அதுவா?” என்றாள் ஜைதூன் பீ. “செவப்பு அடிக்கும்போது தாளு கொஞ்சம் நவுந்துடுச்சு. பொட்டு போயி காதாண்ட குந்திக்கினு கீது பாரு, மொளகாயும் பார்டரைத் தாண்டி ஓடிப்போச்சு. அந்தப் பொண்ணு வந்து பார்த்துட்டு ஒரே கத்தல். ‘என் வூட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்கும்போது, பொட்டில்லாத மூஞ்சியவா கடைல வைக்கச் சொல்றீங்க? ஒண்ணு விடாம கிழிச்சுப் போடுங்க’ன்னு. அழுதுக்கினே போச்சு, பாவம். நான்தான் நல்ல அட்டையாச்சேன்னு கிழிக்காம வச்சிருக்கேன்.”

“எனக்குத் தாங்க.”

“இன்னாத்துக்கு?”

“சாமான் போட்டு வைக்க.”

பசை ஈரத்தோடு ஜைதூன் பீயின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, “ஒரு இருநூறு எடுத்துக்கோ. ஒட்டித் தரேன்” என்றாள்.

மூன்று நாள் அந்த டப்பாக்கள் கடைக்குப் பின்னாலிருந்த அறையில், சாக்குக்கு அடியில் கிடந்தன. நான்காம் நாள் மதியம், வெள்ளைத்துரை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், தங்கபுஷ்பம் தன் பொடியை அவற்றில் நிரப்பினாள். பத்து டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். பத்து வெற்று நெற்றிகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

இருக்கட்டுமே! இவள் நெற்றி எப்படி இருந்தால் எனக்கென்ன? என் டின்னைப் பின்னால் தள்ளியவள்தானே!

ஆனால் கையை எடுக்க முடியவில்லை. அந்த நெற்றி வல்லியின் நெற்றி மட்டுமா? மஞ்சள்காமாலையில் தங்கபுஷ்பத்தின் மடியில் தலை வைத்து, “மதினி, நான் செத்துருவனா?” என்று கேட்ட சிதம்பரத்தின் ஆயுள் அல்லவா அங்கே வெறுமையாக இருந்தது! பூஜை மாடத்திலிருந்த சிவப்புச் சாந்துக் குப்பியை எடுத்து வந்தாள். காதோரம் இருந்த தப்புப் பொட்டைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். குச்சியைச் சாந்தில் தோய்த்து, நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள்.

பத்து டப்பாவுக்கும் வைத்தாள். ‘பொட்டில்லாட்டா எவளும் வாங்கமாட்டாளே, அதுக்காகத்தான்’ என்று சொல்லிக்கொண்டாள். அது பாதிப் பொய்.

அன்றிலிருந்து அது ஒரு வாடிக்கையாகிவிட்டது. மதியம் இரண்டு மூன்று டப்பாவுக்குப் பொட்டு வைப்பாள். நான்கு மணிக்குக் கல்லாவில் அவள் உட்காரும்போது முக்காலிக்கு அடியிலிருந்து அந்த டப்பாக்களை எடுத்து விற்பாள். சாந்து நன்றாகக் காய்வதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆவணி மாதப் புழுக்கத்தில் அதற்கு மேலும் ஆகும். வெறுக்கிற ஒருத்தியின் நெற்றியில் தினம் தினம் பொட்டு வைத்த பெண்ணைப் பற்றி நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

இரண்டு வாரத்தில் விசாலாக்ஷி மாமி வந்தார். வந்ததும் வராததுமாக, “தங்கம்! இந்தத் தடவை வல்லி பொடி அமிர்தம்டி! எங்காத்து மாமா சாம்பாரை ரெண்டாந்தரம் போட்டுண்டார். இருபது வருஷத்துல நான் பார்த்ததில்லை” என்றார்.

அமிர்தம்! தங்கபுஷ்பத்தின் மனசு ஒரு கணம் துள்ளிக் குதித்தது. மறுகணமே அதே இடத்தில் நெருப்பு பிடித்தது. அமிர்தம் என்றது அவள் பொடியை. ஆனால் பெயர் யாருக்கு? அவள் நிதானமாக வறுக்க வறுக்க, வல்லிக்குப் புகழ். அவள் மிளகாயைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட, வல்லிக்குப் புகழ். அவள் உழைப்பெல்லாம் அந்தச் சிரிக்கிற முகத்துக்கு மாலையாகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் கொடிய எண்ணம் ஒன்று அவளுக்கு வந்தது. புளிக்கூடைக்குப் பின்னால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த பழைய பொடி ஒரு படி இருந்தது. டப்பாவுக்கு ஒரு கரண்டி கலந்தால் போதும். ஒரே வாரத்தில் வல்லி மார்க்கின் பெயர் நாறிவிடும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கரண்டியை எடுத்தாள். பூசணப் பொடியை அள்ளினாள். டப்பாவின் வாய்வரை கொண்டுபோனாள்.

கை நின்றுவிட்டது. அவள் நல்லவள் என்பதால் அல்ல. அந்தக் கையால் கெட்ட பொடியைக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். யார் முகம் ஒட்டியிருந்தால் என்ன, உள்ளே இருப்பது அவள் பொடி. கரண்டியைத் தெருச் சாக்கடையில் உதறிவிட்டு வந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மார்கழி பிறக்கும் முன் அந்த நாள் வந்தது.

விசாலாக்ஷி மாமியின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பம்பாய்க்காரர்கள். திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு சாம்பார்ப்பொடி டப்பா கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மாமிக்கு ஆசை. நூறு டப்பா. “வெள்ளைத்துரை, அந்த வல்லியை ஒருநாள் கடைக்கு வரச் சொல்லேன். நேர்ல பார்த்துச் சொல்லணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். வல்லியும் சைதாப்பேட்டையிலிருந்து பட்டுப்புடவையோடு வந்துவிட்டாள்.

தங்கபுஷ்பம் பின்னறையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அரிசியில் கல் இல்லை. ஆனாலும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பம்பாய்க்குப் போகப் போகிற பெயர் யாருடையது என்பது இன்னும் சில நிமிடத்தில் முடிவாகிவிடும்.

“நீதானா அது! டப்பால பார்த்ததைவிட நேர்ல லட்சணமா இருக்கே” என்றார் மாமி. “பம்பாய்ல என் சம்பந்தி மாமி வாயத் தொறந்தா, அங்க இது கிடைக்கும் அது கிடைக்கும்பா. இதை ஒரு நாள் கரைச்சு சாம்பார் வைக்கட்டும், அப்பறம் பேசட்டும். ஆனா ஒண்ணு, அப்பப்போ உன் பொடி மாறறதுடி. சில டப்பா சுமாரா இருக்கு. சிலது தேவாமிர்தம். எனக்கு இந்த டப்பால இருந்த மாதிரியேதான் நூறும் வேணும். அதுக்குத்தான் கையோட எடுத்துண்டு வந்தேன்.”

வல்லி டப்பாவை வாங்கினாள். கட்டை விரல் முகத்தின் மேல் பட்டது. சமையல்கட்டு ஆவியில் இளகியிருந்த பொட்டு வழுக்கியது.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் சிவப்பு. மறுபடியும் டப்பாவைப் பார்த்தாள். காதோரம் சுரண்டிய வடு. அதன் மேல் மஞ்சள். பார்டரைத் தாண்டி ஓடிய மிளகாய். கிழித்துப் போடச் சொன்ன அட்டை. அவள் கண்கள் மெதுவாகப் பின்னறை வாசலுக்கு வந்தன. அங்கே முறத்தைப் பிடித்தபடி தங்கபுஷ்பம் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வல்லி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாம். தங்கபுஷ்பமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் திருட்டு அத்தோடு போயிருக்கும்.

ஆனால் மாமி வல்லியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி!”

“அது என் பொடி!”

முறம் கீழே விழுந்தது. அரிசி நாலா பக்கமும் சிதறியது.

“மாமி, அது என் பொடி! நான் வறுத்தது, நான் அரைச்சது! டப்பாதான் அவளுது. நான் திருடிட்டு வந்து அதுக்குள்ள போட்டேன். திருடின்னு வேணாச் சொல்லுங்க. ஆனா பொடி என்னுது!”

குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காப்பு வேறொரு கைக்குப் போவதைத் தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டாள்.

மாமி முகம் சுளித்தார். “ஏண்டி, ஒரு தடவை சொன்னேனே, பொறாமை ஆகாதுன்னு. இப்படியா மத்தவா பேரைப் பிடுங்குவா?”

“உள்ள போ!” என்று அதட்டினார் வெள்ளைத்துரை. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“போமாட்டேன். ஏ வல்லி, சொல்லுட்டி! உனக்குத் தெரியும்லா? சொல்லு!”

வல்லி தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அக்காவுக்கு ஏதோ உடம்பு சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நூறு டப்பாவும் அவளுக்கு. தெரு முழுவதும் நம்பும்.

“ஆமா மாமி” என்றாள் வல்லி. “பொடி அக்காவோடது.”

மாமி டப்பாவைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். மணமே இல்லை என்று தாம் சொன்ன டின். அந்த டின்னின் பொடிக்குத்தான் இத்தனை நாள் அமிர்தம் என்று பட்டம் கட்டினோம் என்பது உறைத்ததும் அவர் முகம் சிவந்தது.

“அப்போ ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை அசடாக்கியிருக்கேள்!”

“மாமி, அப்படி இல்ல...”

“எனக்கு இவ பொடியும் வேண்டாம், அவ டப்பாவும் வேண்டாம். பம்பாய்க்காராளுக்கு நான் முறுக்கே கொடுத்துக்கறேன்.”

குடையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

பின்னறையில் இரண்டு பெண்களும் சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளினார்கள். வல்லிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

“என் மூஞ்சியத் திருடினியளேக்கா. கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

வல்லி யோசித்தாள். “மாட்டேன்.”

“ஏன்?”

“உங்க பொடிய என் டப்பால போட்டா, அப்புறம் என் பொடிய எவ வாங்குவா?” அவள் குரல் உடைந்தது. “அஞ்சு வருசம் பக்கத்துல இருந்து பார்த்தேன். அளவெல்லாம் அதேதான் போடுதேன். உங்களுக்கு வர்றது எனக்கு வரமாட்டேங்கு. எத்தனை நாள் அடுப்பு முன்னால உக்காந்து அழுதிருக்கேன் தெரியுமா? மூஞ்சியாவது இருக்கேன்னுதான் அதை ஒட்டினோம்.”

தங்கபுஷ்பம் அவளை அதிசயமாகப் பார்த்தாள். இவளுக்குமா? இத்தனை நாள் எரிந்தது ஒரு அடுப்பு இல்லையா, இரண்டா? அதைக் கேட்டதும் அவள் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியதை நான் மறைக்கப் போவதில்லை.

“பொட்டு எதுக்கு வச்சிய?” என்று கேட்டாள் வல்லி. “சும்மா வித்திருந்தா எனக்குத்தானே கேடு.”

“சிதம்பரத்துக்கு ஆகாதேன்னு வச்சேன். உனக்காகன்னு நினைச்சுக்கிடாத.”

வல்லி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அவள் தலையைத் தடவிக் கொடுக்கத் தங்கபுஷ்பத்தின் கை எழுந்தது. எழுந்த கை, அந்தப் பட்டுப்புடவை புதியது என்று பார்த்ததும், மீண்டும் அரிசிக்கே போய்விட்டது.

நடுக்கடையில் தன்னைத் திருடி என்று சொல்லிக்கொண்ட மனைவியைப் பார்த்தபின் வெள்ளைத்துரை பழைய பேச்சுப் பேசவில்லை. அவரே ஜைதூன் பீயிடம் போனார். ஊதுவத்திக்காரர் ஒருவரின் டப்பா அச்சாகும்போது அதே தாளின் ஓரத்தில் தங்கபுஷ்பத்தினுடையதையும் சேர்த்து அடிக்க வழி செய்தாள் அந்த அம்மாள். ஊதுவத்திக்கு என்ன நிறமோ அதுதான் கிடைக்கும். அது ரோஸ். ரோஸ் நிறத்தில் சாம்பார்ப்பொடி டப்பா அதுவரை பட்டணம் கண்டதில்லை.

“உன் மூஞ்சியப் போட்டுரலாமா?” என்று கேட்டார் கணவர்.

“வேண்டாம். நாளைக்குத் தாளு நகந்தா எவளாவது எனக்குப் பொட்டு வைக்க வேண்டி வரும்.”

நடுவில் ஒரு கொத்தமல்லிக் கொத்தும், ‘தங்கம் பொடி’ என்ற பெரிய எழுத்தும் மட்டும் போட்டார்கள். கரப்பான் குடித்தனம் பண்ணவில்லை. அந்த ரோஸ் நிறம் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. மாமி இரண்டு வருடம் கழித்து வந்தார், பழைய கதை எதுவும் பேசாமல் ரோஸ் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

எழுபத்தாறில், அடையாறு காந்தி நகர்ப் பக்கம் ஒரு புதுக் கடை திறந்தார்கள். சாமானை வாங்குகிறவர்களே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘வல்லி மார்க்’கும் ‘தங்கம் பொடி’யும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகச் சிதம்பரநாதன் சொன்னான். தங்கபுஷ்பம் அடுத்த நாளே பஸ் ஏறிப் போனாள்.

தட்டில் வல்லி சிரித்துக்கொண்டிருந்தாள், இரண்டு வரிசையாக. ரோஸ் டப்பாக்கள் அவளுக்குப் பின்னால், முகப்பு சுவரைப் பார்த்தபடி இருந்தன.

தங்கபுஷ்பம் இரண்டு பக்கமும் பார்த்தாள். கைப்பையைத் தரையில் வைத்தாள். தன் டப்பாக்களை ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்து, எழுத்துத் தெரியும்படி நிறுத்தினாள். வல்லியைப் பின்னால் தள்ளி, சுவர்ப் பக்கம் பார்த்துச் சிரிக்கும்படி திருப்பி வைத்தாள்.

“இன்னாம்மா இது?” என்று வந்தார் கடைச் சிப்பந்தி கோபால். “நேத்து ஒரு அம்மா வந்து இதே வேலையப் பண்ணிக்கினு போச்சு. போன வாரமும் வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?”

“இல்ல” என்றாள் தங்கபுஷ்பம். “ஓரகத்தி.”

மிச்சமிருந்த ஒரு டப்பாவையும் திருப்பி வைத்தாள்.